தட்டிலை போடும்

ஜெகதீஸ்வரனைக் களஞ்சியத்தில் மேற்பார்வையாளராக்கியபோது இரண்டு நாள் வகுப்புக்கும் அனுப்பினார்கள். செய்ய வேண்டியதைத் தலையில் சுமக்காதே, எல்லாவற்றையும் ஒரே தட்டில் போடு, ஞாயிற்றுக்கிழமை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடி. வகுப்பு இவ்வளவுதான். மனிதர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். நொர்வேயில், ரொம்சோஸில் இருந்த ஏழாம் மாடி வீட்டு வாசலில், சப்பாத்து அலுமாரிக்கு மேல், காகிதங்கள் போட ஒரு பச்சைத் தட்டு வந்து உட்கார்ந்தது.

வகுப்பெடுத்த நொர்வேக்காரருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. அலுவலகக் கடிதங்களின் நொஸ்க் மொழி விளங்கிய தமிழர் ஒருவர் அகப்பட்டால் போதும், கடிதம் வந்த அத்தனை பேரும் அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். ஜெகதீஸ்வரனுக்கோ 'ஏலாது' என்ற சொல் எந்த மொழியிலும் வாயில் வராது. "தட்டிலை போடுங்கோ, ஞாயிறு பாக்கிறன்" என்பார். ஞாயிறு மேலே கிடக்கும் பத்தை முடிப்பார். புதன்கிழமைக்குள் இன்னும் பதினைந்து வந்து ஏறிவிடும். அடியில் கிடந்தவை அடியிலேயே கிடந்தன.

அந்த ஒக்ரோபர் சனிக்கிழமை மத்தியானம் அப்படிக் கடிதம் கொடுத்திருந்த கிளெமென்ற் தொலைபேசியில் தன்னுடைய லைசென்ஸ் கடிதம் எங்கே என்று கேட்டார். கிளறிக் கிளறிப் பார்த்து அலுத்துப்போன ஜெகதீஸ்வரன், தட்டை அப்படியே தரையில் கவிழ்த்தார். அடியில் கிடந்தது மேலே வந்தது. கத்தரிக்கோலால் நேராக வெட்டிய உறை. அவர் பழக்கியபடியே ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. மனைவி புஷ்பமலரின் எழுத்து: 'அம்மாவின்ரை. அவசரம்.'

வாசித்தார். பருத்தித்துறையில் தனியே இருக்கும் மாமியை இங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பம். இன்னும் இரண்டு பத்திரம் வேண்டுமாம். மூன்று கிழமைக்குள் வராவிட்டால் விண்ணப்பக் கோவையையே மூடிவிடுவார்களாம். மூன்று கிழமை முடிந்து பதினொரு நாளாகியிருந்தது.

அவள் அதைக் கொண்டுவந்த பின்னேரம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, அம்மாவின்ரை அலுவலா ஏதோ வந்திருக்கு. ஒருக்காப் பாருங்கோவன்."

"தட்டிலை போடும், மலர். கையிலை தந்தா மறந்துபோடுவன்."

அடுத்த கிழமையும் கேட்டாள். தட்டில்தானே கிடக்கிறது, பிறகென்ன பயம் என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. மற்றவர்களுடையதைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை மேலே எடுத்து வைக்கிற பழக்கமும் அவளுக்கில்லை.

குடிவரவு அலுவலகத்துக்குக் கைத்தொலைபேசியில் அடித்தார். திங்கட்கிழமை எடுக்கச் சொன்னது மெசின். எடுத்து எதைச் சொல்வது? ஓகஸ்ற்றில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியதிலிருந்து ஊரில் ஒரு பத்திரம் எடுப்பதே பெரும் பாடு. காகிதங்களுக்கு நடுவே தரையில் இருந்துவிட்டார். அழவேண்டும் போலிருந்தது.

உள்ளே புஷ்பமலர் ஊருக்கு எடுத்து, தாயோடு வழமையான சனிக்கிழமைக் கதையில் இருந்தாள். "ஓம் அம்மா, அவர் பாக்கிறார். ஊருக்கே செய்யிறவர், எங்கடையை விடுவாரே?"

தொலைபேசியும் கையுமாக வாசலுக்கு வந்தவள், கவிழ்ந்த தட்டைப் பார்த்துச் சிரித்தாள். ஒருவழியாக எல்லாவற்றையும் முடிக்க வெளிக்கிட்டுவிட்டார் என்று நினைத்திருப்பாள். "அம்மா உங்களோடை கதைக்கவேணுமாம்."

"தம்பி," என்றார் மாமி, "இஞ்சை குளிர் உடுப்பு ஒண்டும் இல்லை. அங்கை வேண்டி வைப்பியளோ?"

ஜெகதீஸ்வரன் வாயைத் திறந்தார். 'ஏலாது' என்ற அந்தச் சொல் இன்றைக்கும் வரவில்லை.

"ஓம் மாமி."

புஷ்பமலர் குந்தியிருந்து காகிதங்களை ஓரம் தட்டி அடுக்கினாள். பிறகு, அவர் மற்றக் கையில் இருந்த கடிதத்துக்குக் கையை நீட்டினாள்.

"அதையும் தாங்கோ, தட்டிலை வைக்கிறன்."