நீர்வேலியில் நிற்காமல் நடந்தவன்

நீர்வேலியில் லோஜன் தன் வீட்டுக் கிணற்றைச் சுற்றி ஐந்து மாதம் நிற்காமல் நடந்தான். பசுக்களைச் செயற்கை முறையில் சினைப்படுத்துவது அவன் வேலை. விந்தைக் கெடாமல் வைக்கும் கடுங்குளிரான திரவ நைதரசன் சாடி எப்போதும் அவனுடன் இருக்கும். ஓரிடத்தில் கால் தரிக்காத மனுசன். கனடா, கட்டார், கடைசியில் போலந்து என்று விசாரித்தபடியே கலியாணமான மூன்று வருடத்தையும் போக்கியவன். நடை தொடங்கிய அன்றும் வெளிநாட்டு முகவரோடு போனில் கதைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றும்போது, தானே இறக்கிவைத்த சாடியைத் தட்டிவிட்டான். நைதரசன் இரண்டு பாதத்திலும் கொட்டியது. கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிற்பது எப்படி என்பதை மட்டும் அவை மறந்துவிட்டன.

வியர்வை இல்லை, களைப்பு இல்லை, செருப்புக்கூடத் தேயவில்லை. மறித்துப் பார்த்த அயல்வீட்டு முருகேசு ஒன்பது சுற்று இழுபட்டுக் கைவிட்டார். மனைவி தாரிகா ஐந்து மாத வயிற்றோடு நின்று, அவன் கடக்கும்போதெல்லாம் புட்டை உருட்டிக் கையில் கொடுத்தாள். உடுவிலில் பௌதிகவியல் படிப்பிக்கும் அவள் தங்கை நிவேதனா வந்து அரைநாள் பார்த்தாள்.

"அக்கா, கம்பியிலை கரண்ட் போகேக்கை இலத்திரன் முட்டி மோதித்தான் ஓடும். அதாலைதான் கம்பி சுடுறது. சில பொருளை நல்லாக் குளிரப் பண்ணினால் அதுகள் சோடி சேர்ந்து முட்டாமல் ஓடும். வட்டமாயிருந்தால் ஒருநாளும் நிக்காது. மீகடத்தி எண்டு சொல்லுறது. அத்தானும் இப்ப அதுதான்."

"சூடாக்கினால் நிப்பாரோ?"

"ஓம். ஆனால் ஓடின ஓட்டமெல்லாம் ஒரேயடியாய்ச் சூடாய் வெளிக்கிடும். அது போக வழி இல்லையெண்டால் ஆளே எரிஞ்சுபோவார்."

பெண்பிள்ளை பிறந்தது. ஒவ்வொரு சுற்றிலும் லோஜன் ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பினான். தூரதேசம் தேடியவன் பத்தடி தூரத்துக்கு அழுதான். "தாரிகா, ஒருக்கா நிப்பாட்டிவிடன்" என்றான். போகிற போக்கில் பிள்ளையைக் கையில் கொடுக்கலாம்தான், உடம்போ ஐஸ்கட்டி. தாரிகாவுக்கு இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சுற்றுகளை எண்ணி, எண்ணிக்கை தவறி, மறுபடி எண்ணினாள்.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழிக்கும் துடக்குக் கழிவு. அவள் முழுகவென்று வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அண்டாவில் கொதித்தது. தாரிகா நீளமான செப்புக் கம்பியொன்றை எடுத்து, அவனோடு ஓடி ஓடி இடுப்பில் கட்டினாள். மறுமுனையை வாழைத் தோட்டத்துக்கு இழுத்து, மரத்துக்கு மரம் சுற்றினாள். வாழை முழுக்கத் தண்ணீர்தானே, தாங்கும் என்பது அவள் கணக்கு. கணக்குப் பிழைத்தால் புருசன் இல்லை என்றும் அவளுக்குத் தெரியும். அண்டாத் தண்ணீரை அவன் பாதத்தில் ஊற்றினாள்.

லோஜன் நின்றான். கம்பி சிவந்தது. ஐந்து மாத நடையும் தோட்டத்துக்குள் இறங்க, பிஞ்சுக் குலைகள் எல்லாம் மதியத்துக்குள் பழுத்தன. மறுநாள் அவை சாவகச்சேரிச் சந்தைக்குப் போயின. வாங்கியவர்கள் நல்ல இனிப்பு என்றார்கள். ஏன் இன்னும் சுடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவனுடைய இடது உள்ளங்கை மட்டும் இன்றும் சூடேறவில்லை. வெயில் காலத்தில் பிள்ளை அதில்தான் கன்னத்தை வைத்துத் தூங்குகிறாள். அவள் எழும்பும்வரை லோஜன் அசைவதில்லை.