பெரிய வெள்ளிக்கிழமையில் கீபோர்டு

ரீனா எழுதும் இளையோர் நாவல் எதை எடுத்தாலும், மனசு உடைந்த பெண்ணொருத்தி கடைசி அத்தியாயத்தில் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். முதல் நாவலில் கிடார், இரண்டாவதில் வயலின். மூன்றாவதில் கீபோர்டு என்றதும் மகள் ஸ்டெபிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. போன கிறிஸ்துமஸ் பூசையில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்த ஸ்டெபி, பாட்டின் நடுவில் விரல் மரத்துப்போய் எழுந்து ஓடிவந்துவிட்டாள். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. அவர்கள் குடியிருக்கும் மில்லர்புரத்தில் இது தெரியாத வீடு கிடையாது. பெற்ற தாயே அதைப் புத்தகமாகப் போட்டால் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது?

"எம்மா, இது நான்தான்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும். எடுத்துரு."

"ஏளா, கடைசில அவ எப்படி வாசிக்கான்னு படிச்சுப் பாரு. கண்ணுல தண்ணி வந்துரும்."

ஸ்டெபி படித்தாள். பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையை முத்தமிட ஜனங்கள் வரிசையில் நிற்க, கதாநாயகி கீபோர்டு வாசித்துக் கோயிலையே அழவைக்கிறாள். ஸ்டெபிக்கு எரிச்சல்தான் வந்தது.

"துக்க நாளும் அதுவுமா எந்தக் கோயில்லம்மா கீபோர்டு வாசிக்காங்க? மணிகூட அடிக்கமாட்டாங்க, மரக்கட்டையத்தான் தட்டுவாங்க. பொறந்ததுலருந்து கோயிலுக்குப் போறவ நீ!"

ரீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இசை என்று வந்துவிட்டால் அவளுக்குக் கண் மண் தெரியாது. ஹார்பரில் கப்பல் ஊதினால்கூட என்ன சுருதி என்று கேட்பவள்.

"அய்யோ மாதாவே, நாளைக்குப் பதிப்பகத்துக்கு அனுப்பணுமே! ஈஸ்டருக்கு மாத்திரட்டா?"

"மாத்தாத. அவ வாசிக்கவே வேண்டாம்."

"வாசிக்கலன்னா அவ தேறிட்டான்னு எப்படித் தெரியும்?"

ஸ்டெபிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தேறலன்னா உன் கதையில எனக்கு எடம் கிடையாதா?"

ரீனா கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். அத்தியாயத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டச்சு செய்தாள். ஸ்டெபி பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கீபோர்டு துணிபோட்டு மூடிக் கிடக்கிறது. அந்தப் பெண் எல்லோரையும் போல வரிசையில் நிற்கிறாள். யாரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் அவளுடைய அம்மா நிற்கிறாள்.

"இதுல பாட்டே இல்லயேளா," என்றாள் ரீனா, வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு.

"இருக்கட்டும்மா. இது நான்தான்னு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது."