சாக்குக்கட்டியை எடுத்தவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சித்தப்பாவின் பூல் ஹாலில் (குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளும் ஆட்டம்) நடுமேசை ஆட்டத்தின் நடுவே நின்றுபோய்க் கிடந்தது. பச்சைத் துணி போர்த்திய விளிம்பில் ஒரு நீலச் சாக்குக்கட்டி. அதை அசைக்காமல் தினமும் சுற்றித் தூசி தட்டிய கை என்னுடையது. அந்தக் கைதான் எழுதுகிறது. நான் கூடவே போகிறேன்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. எழுத்தில் மட்டும் கொஞ்சம் வாயாடி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கத்தை இப்படி எழுதினேன்: "பூனை செத்துப்போன அன்று வானம் —"

அடித்துவிட்டேன். வானம் ஒன்றும் செய்யவில்லை. தவிர, எங்கள் ஹாலில் ஜன்னலே கிடையாது.

பூனை என்பது எங்கள் ஆட்டக்காரன் ஒருவனுக்கு ஹால் வைத்த பெயர். மற்றவர்கள் பந்தை அடிப்பார்கள். அவன் அனுப்பிவைப்பான். வெள்ளைப் பந்து சத்தமில்லாமல் நடந்துபோகும். இதோ நின்றுவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில் இன்னும் ஓரடி வைத்து, தொட வேண்டிய பந்தைத் தொடும். தொடப்பட்ட பந்து குழியின் வாயில் ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே விழும். அப்போது ஹாலில் யாருக்கும் மூச்சு இருக்காது. எனக்குக் கை மயிர் சிலிர்த்து நிற்கும். [எழுதும்போதும் நிற்கிறது.]

3

அவனை ரொம்ப நல்லவனாக எழுதிவிடுவேனோ என்று பயம். செத்தவர்களுக்கு எல்லோரும் வெள்ளையடிப்பார்கள். ஆகையால்: இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தந்ததே இல்லை. மென்ற பபிள்கம்மை மேசைக்கு அடியில் ஒட்டுவான். சுரண்டுகிறவள் நான்.

ஆனால் எதிராளி நல்லதாக ஓர் அடி அடித்தால், குச்சியால் தரையைத் தட்டித் தட்டிப் பாராட்டுவான். தோற்றால் ஜெயித்தவனைவிடப் பலமாகச் சிரிப்பான். அவனிடம் தோற்பதற்கென்றே ஆட்கள் காத்துக் கிடந்தார்கள்.

என்னிடம் ஒரே ஒரு முறை பேசினான். நான் மேசைத் துணியைப் பிரஷால் வாரிக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, நீ எந்தப் பக்கம் வாருறியோ, என் பந்து அந்தப் பக்கம்தான் நடக்குது. தெரியுமா?"

நான் உடனே பதிலுக்கு —

இல்லை. ஒன்றும் சொல்லவில்லை. கதையிலாவது சொன்னதாக வைக்கலாமென்று பார்த்தேன். பேனா ஒத்துக்கொள்ளவில்லை.

4

எங்கள் ஹாலில் ஒரு விதி. ஆட்டத்தின் நடுவே வெளியே போகிறவர், குச்சியின் நுனியில் தேய்க்கும் சாக்குக்கட்டியை விளிம்பில் வைத்துவிட்டுப் போவார். 'என் முறை, இதோ வருகிறேன்' என்று அர்த்தம். அதுவரை மேசையை யாரும் தொடக் கூடாது. வேறு யாராவது அதைக் கையில் எடுத்தால், எடுத்தவர்தான் அந்த அடியை ஆட வேண்டும்.

பூனைக்குக் கருப்புப் பந்து மட்டும் பாக்கி. அது விழுந்தால் ஜெயம். சாக்குக்கட்டியை வைத்தான். "தண்ணி குடிச்சிட்டு வர்றேன். எவனும் மூச்சு விடாதீங்க" என்றான். குழாய்ப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வயது இருபத்து மூன்று.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. வேண்டாம்.]

5

அடக்கம் முடிந்து ஹாலைத் திறந்த பிறகும் சாக்குக்கட்டி அங்கேயே இருந்தது.

"நீயே எடுத்துடேன்ப்பா" என்றார் சித்தப்பா, அன்று அவனுக்கு எதிராக ஆடிய மெக்கானிக்கிடம்.

"உங்க மேசை. நீங்க எடுங்கண்ணே."

"எனக்குக் குனிஞ்சா இடுப்புப் பிடிச்சுக்கும்."

"நேத்து சிகரெட் விழுந்தப்போ மட்டும் நல்லா குனிஞ்சீங்க?"

யாரோ சிரித்து, பாதியில் விழுங்கினார்கள். மெக்கானிக் மேசையைப் பார்க்காமல் சொன்னார்: "எடுத்து ஆடினவன் கை தவறிடுச்சுன்னா, அடுத்தது என் முறை. செத்தவனை நான் ஜெயிக்கணுமாண்ணே?"

6

மகனின் குச்சியை வாங்கிப்போக பூனையின் அம்மா வந்தார். தையல்காரர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து வந்திருந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். நடுமேசையின் துணியைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். "நல்ல துணி" என்றார். பிறகு, தன் வெட்டும் மேசையில் தினமும் செய்வதைப் போல, விளிம்பில் இருந்த நீலக் கட்டியைச் சட்டென்று எடுத்துவிட்டார்.

"துணிமேல யாராவது சாக்கை வைப்பாங்களா? கறை பிடிச்சா போகாது. என்னோடதைத்தான் தூக்கிட்டு வந்துட்டானோன்னு பார்த்தேன்."

எல்லோரும் அவர் கையையே பார்த்தோம்.

"என்ன? நான் என்ன பண்ணிட்டேன்?"

சித்தப்பா மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னது நான்தான். (என்னைப் பெரியவளாக்க இந்த வரியைச் சேர்க்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.)

"எடுத்தவங்க ஆடணும்மா."

"இது அவன் முறையா?"

"ஆமாம்மா."

"சும்மா பசங்க வச்ச விதி அக்கா, நீங்க விடுங்க" என்று பதறினார் சித்தப்பா.

"பிள்ளை பாதியில விட்ட வேலை. நான் முடிக்காம யாரு முடிப்பா? அந்தக் குச்சியைக் குடு, கண்ணு."

விரலை எப்படி மடக்குவதென்று காட்டினேன். ஊசியில் நூல் கோக்கிறவர் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டார். கையில் வலுவே இல்லை. குச்சி பந்தைத் தொட்டதோ இல்லையோ.

வெள்ளைப் பந்து நடந்தது.

அதே நடை. அவன் ஆடிய அன்று நான் வாரிவிட்டிருந்த பக்கமாக, சத்தமில்லாமல். "ஐயோ" என்றார் மெக்கானிக், காற்றாக. இதோ நின்றுவிட்டது என்று நினைத்த இடத்தில் பந்து இன்னும் ஓரடி வைத்தது. கருப்பைத் தொட்டது. கருப்பு உருண்டு குழியின் வாய்க்குப் போய், யோசித்தது.

7

முதல் முடிவு: விழுந்தது. மெக்கானிக் குச்சியால் தரையைத் தட்டித் தட்டி — அழகாகத்தான் இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டாவது முடிவு: விழவில்லை. அடுத்த முறை மெக்கானிக்குடையது. அந்த மனிதரைக் குச்சியோடு அங்கே கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அன்று அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நடந்துச்சு. அவன் நடை" என்பார்கள். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் மட்டும் எப்படித் திறப்பேன்?

கருப்புப் பந்து குழியின் வாயில் இருக்கிறது. சாக்குக்கட்டியை இந்தத் தாளின் ஓரத்தில் வைக்கிறேன். எனக்குத் தாகமாக இருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

அதுவரை தொடாமல் காத்திருந்தாலும் சரி. அதை எடுத்துவிட்டீர்களென்றால், விதி உங்களுக்குத் தெரியும்.