படகுப் படத்தின் இரண்டாம் பாதி

டயாலிசிஸ் அறையில் காலை ஷிப்டு பார்க்கும் நர்ஸை ஆஸ்பத்திரி முழுக்க ‘சினிமா சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போகாவிட்டால் அவருக்கு அந்த வாரமே விடிந்த மாதிரி இருக்காது. கணவர் கூட வரமாட்டார். இருட்டில் ஏசியில் உட்கார வைத்தால் பத்தாவது நிமிடம் குறட்டை விடுகிற மனிதர். அதனால் தனியாகப் போவார், தனியாகச் சிரிப்பார், தனியாக மூக்கை உறிஞ்சுவார். பார்த்த கதை திங்கட்கிழமை வரை தொண்டையிலேயே நிற்கும்.

திங்கட்கிழமை அதைக் கேட்க மூன்று பேர் காத்திருப்பார்கள். எழுந்து ஓட முடியாத மூன்று பேர். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், ஒரு கையில் ஊசியும் குழாயுமாக மெஷினோடு கிடக்கிறவர்கள். ஜன்னலோரம் ரிட்டயரான கணக்கு டீச்சர். கதவோரம் லேடீஸ் டெய்லர். கதாநாயகி எந்தக் காட்சியில் என்ன உடுத்தியிருந்தாள் என்று சொல்லாவிட்டால் கதையை மேலே நகர விடமாட்டார். நடுவில் முப்பது வருடம் பஸ் ஓட்டிய டிரைவர்.

வருடக் கடைசியில் சிஸ்டர் ஒரு பட்டியல் எழுதி, எடை பார்க்கும் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டுவார். அந்த வருடம் பார்த்தவற்றில் அவருக்குப் பிடித்த பத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இந்த வருடப் பட்டியலில் பத்தாவது இடத்தில் ஒரு பேய்ப்படம்: ‘பேயைவிட அதில் வரும் பல் டாக்டர் பயமாக இருந்தார்.’ ஏழாவதாக, சிமெண்ட் லாரி ஓட்டும் பெண்ணின் காதல் கதை: ‘எல்லாரையும்விட லாரி நன்றாக நடித்திருக்கிறது.’ நான்காவது, முழுக்க முழுக்க ஒரே சமையலறையில் நடக்கும் படம்: ‘வெளியே வந்ததும் பயங்கரப் பசி.’ முதல் இடம் படகுப் படத்துக்கு. அதற்கு மட்டும் வரி எதுவும் எழுதவில்லை.

“அதுக்கு எழுதவே வேண்டாம் சிஸ்டர். எங்களுக்கு மனப்பாடம்” என்றார் டெய்லர்.

சிஸ்டர் சிரித்து மழுப்பிவிட்டு, பிளாஸ்திரி எடுக்கப் போய்விட்டார். ஏனென்றால் அந்தப் படத்தில் அவர் பார்த்தது முதல் பாதி மட்டும்தான்.

நடந்தது இதுதான். படத்தில் ஒரு பெண் ஆற்றைக் கடக்கும் படகை ஓட்டுகிறாள். அவளுடைய அப்பா தினமும் காலையில் அதே படகில் ஏறுகிறார், டிக்கெட் வாங்குகிறார், அக்கரையில் இறங்குகிறார், சாயங்காலம் திரும்பி வருகிறார். பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு நாள் அப்பா வரவில்லை. படகு கிளம்பாமல் கரையிலேயே நிற்கிறது. இடைவேளை. அந்த நேரம் பார்த்து சிஸ்டருக்குப் போன் வந்தது. சாயங்கால ஷிப்டு நர்ஸின் குழந்தைக்குக் காய்ச்சல்; மாற்றிவிட ஆள் இல்லை. வாங்கிய பாப்கார்னைப் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

மறுநாள் கதை சொல்லும்போது, ‘இவ்வளவுதான் பார்த்தேன்’ என்று சொல்லத்தான் நினைத்திருந்தார். ஆனால் அன்று டிரைவருக்கு நாள் சரியில்லை. பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் காலை நீவிவிட்டுக்கொண்டே சொல்லி வந்தார். இடைவேளை வந்து நிறுத்தினதும், டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“அப்புறம்?”

அந்த ‘அப்புறம்’ வந்த விதத்தில் சிஸ்டருக்கு நாக்கு தானாக நகர்ந்தது.

“அப்புறம் அந்தப் பொண்ணு அக்கரையில போய் விசாரிக்கிறா. அப்பா இங்க எந்தக் கடையில வேலை பாக்கறார்னு. யாருக்கும் தெரியல. டீக்கடைக்காரர் மட்டும் சொல்றார், அவருக்கு இந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாதும்மா, இறங்குவார், இந்த பெஞ்சுல உக்காருவார், திரும்புற படகு வந்தா ஏறிப் போயிடுவார்னு.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அவ நேரா அப்பா வீட்டுக்குப் போறா. காய்ச்சல்ல படுத்துக் கிடக்கார். நிமிர்ந்து பாத்து, பதினோரு வருஷம் கழிச்சு முதல் வார்த்தை கேக்கறார்: படகை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?”

டிரைவர் ஊசி இல்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கும் ஒரே மகள். அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, இனிமேல் பஸ் ஓட்ட விடாதீர்கள் என்று டிப்போவுக்கு எழுதிப் போட்டவள் அவள்தான். அன்றோடு அவர் மகளிடம் பேசுவதை நிறுத்தினார், ஆறு வருடம். அந்த வாரமே அவர் மகளுக்குப் போன் செய்தார். அடுத்த வாரத்திலிருந்து டயாலிசிஸ் முடிந்ததும் அழைத்துப் போக அவள் வர ஆரம்பித்தாள்.

இதற்குப் பிறகு உண்மையை எங்கே சொல்வது?

பட்டியல் ஒட்டிய மறுவாரம், டெய்லர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். “மாப்பிள்ளை கிட்ட சொல்லி நம்ம படகுப் படத்தை வாங்கிட்டேன். டாக்டர் பர்மிஷனும் ஆச்சு. இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து பாக்கறோம்.”

“கதைதான் தெரியுமே, வேற ஏதாச்சும் போடலாமே” என்று சிஸ்டர் இழுத்தார்.

“தெரிஞ்ச கதையைப் பாக்கறதுலதான் சுகம்” என்று டீச்சர் முடித்துவிட்டார்.

சுவரில் இருந்த டிவியில் படம் ஓடியது. முதல் பாதி சிஸ்டர் சொன்னபடியே இருந்தது. படகு, ஆறு, அப்பாவின் மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. “நீலப் புடவைன்னு சொன்னீங்க, இது பச்சை” என்ற ஒரே குறை டெய்லருடையது. படகு கரையில் நின்றது. திரையில் ‘இடைவேளை’ என்று வந்தது. சிஸ்டர் மூன்று பேருக்கும் தேவையே இல்லாமல் இன்னொரு முறை பிரஷர் பார்த்தார்.

இரண்டாம் பாதி ஒரு ஹெலிகாப்டரோடு தொடங்கியது.

அப்பாவை ஒரு கடத்தல் கும்பல் தூக்கிக்கொண்டு போயிருந்தது. படகுக்காரப் பெண் எங்கிருந்தோ ஒரு துப்பாக்கியை எடுத்தாள். அதுவரை தலையே காட்டாத கதாநாயகன் தண்ணீருக்கு அடியிலிருந்து மோட்டார் பைக்கோடு வெளியே வந்தான். இருவரும் பனிமலையில் பாட்டுப் பாடினார்கள். டீக்கடையும் இல்லை, பெஞ்சும் இல்லை.

டெய்லர்தான் முதலில் வாயைத் திறந்தார். “வேற படத்தை ஒட்டிக் குடுத்துட்டானா என் மாப்பிள்ளை?”

டீச்சர் டிவியைப் பார்க்கவில்லை, சிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியடித்தவளைக் கையும் களவுமாகப் பிடித்த பார்வை. “சிஸ்டர், இந்தப் படத்தை நீங்க எவ்வளவு பாத்தீங்க?”

சிஸ்டர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். “இடைவேளை வரைக்கும்” என்றார். போன் வந்தது, கிளம்பி வந்தது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது டிரைவர் பக்கம் மட்டும் திரும்பவில்லை. “மன்னிச்சிடுங்கண்ணா. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீங்க அதை நம்பி...”

டிரைவர் டிவியை விட்டுவிட்டு சிஸ்டர் பக்கம் திரும்பினார். டிவியில் ஒரு கிடங்கு வெடித்தது.

“அந்த டீக்கடைக்காரர் சொன்னது, அப்பா கேட்டது, எல்லாம் நீங்களே சொன்னதா?”

“ஆமாண்ணா.”

“நல்லவேளை பாதியில எந்திரிச்சு வந்தீங்க” என்றார் டிரைவர். “முழுசா பாத்திருந்தீங்கன்னா, என் பொண்ணுகிட்ட பேச நான் ஹெலிகாப்டருக்கு எங்க போவேன்?”

முதலில் டெய்லர் சிரித்தார், அப்புறம் டீச்சர். சிரித்த சிரிப்பில் டெய்லரின் குழாய் மடங்கி, மெஷின் கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடிப்போய்ச் சரிசெய்தார். கண்ணில் தண்ணீர் நின்றதால் பட்டன் தெரிய ஒரு நொடி கூடுதலாக ஆனது.

பட்டியலை என்ன செய்வது என்று அன்று முழுக்கப் பஞ்சாயத்து நடந்தது. பாதி பார்த்த படத்துக்கு முதல் இடம் கூடாது என்றார் டீச்சர். சிஸ்டர் சொன்ன பாதிதானே நல்ல பாதி, அது இருக்கட்டும் என்றார் டெய்லர். கடைசியில் டீச்சரே பேனாவை வாங்கி, ‘முதல் பாதி மட்டும்’ என்று பக்கத்தில் எழுதினார். “வேற எதையாவது இப்படி அரைகுறையா விட்டிருக்கீங்களா?” என்று கேட்டபோது, சமையலறைப் படத்தில் பத்து நிமிடம் தூங்கியதை சிஸ்டர் ஒப்புக்கொண்டார். அது நான்கிலிருந்து ஆறுக்கு இறங்கியது.

புது வருடத்தின் முதல் திங்கட்கிழமை சிஸ்டர் ஒரு படத்தை ஒரு நொடி விடாமல் பார்த்துவிட்டு வந்தார். காணாமல் போன தபால்காரரைத் தேடும் கதை. இடைவேளை வரை சொன்னதும் டெய்லர் கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க. மிச்சத்தை நாங்க சொல்றோம்.”

டெய்லரின் கதையில் தபால்காரர் கல்யாணம் செய்துகொண்டு புது ஜரிகைச் சட்டையில் திரும்பி வந்தார். டீச்சரின் கதையில் கடிதங்களை எண்ணிப் பார்த்துத் துப்புத் துலக்கினார்கள். டிரைவர், தபால்காரர் பஸ்ஸில் தூங்கிக் கடைசி நிறுத்தத்துக்குப் போய்விட்டார் என்று ஒரே வரியில் முடித்தார். அதற்குள் அவருடைய மகள் வந்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவர் எங்கயும் போகலப்பா. வீட்டுல ஒளிஞ்சிட்டு இருக்கார்” என்றாள்.

“வீட்டுல இருந்தா முதல்லயே கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களா?”

“யாரும் மாடியில தேடவே இல்லையே.”

“மாடி இருக்குன்னு சிஸ்டர் சொன்னாங்களா?”

சிஸ்டர் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, கட்டுப் போட்டார். அப்பாவும் மகளும் மாடி இருக்கிறதா இல்லையா என்று வாதாடிக்கொண்டே நடைபாதையில் போனார்கள். லிப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடியது. இருவரும் ஏறாமல் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.