இந்த வருஷம் ஒன்றுதான்

கம்பெனிக் கூட்டத்தில், திரையில் இருளாயியின் படம் வந்ததும் பானுமதி நாற்காலியில் நிமிர்ந்தாள். தில்லை நகர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலது கை முழுக்க மாவுக்கட்டு. யாரோ படம் எடுக்கிறார்களே என்பதற்காகச் சிரிக்க முயன்றிருந்தாள் இருளாயி. படத்துக்குக் கீழே ‘பார்க்கத் தெரிந்த ட்ரோன்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது.

அரியமங்கலத்தில் இருந்த அந்தக் கம்பெனி, மருந்தும் ரத்தப் பைகளும் சுமந்து பறக்கும் ட்ரோன்களை உருவாக்கியது. வடிவமைப்புப் பிரிவுக்குப் பானுமதிதான் பொறுப்பு. இந்த வருஷம் ஒரே ஒரு புதிய தொழில்நுட்பத்தில்தான் பணம் போட முடியும், எதில் என்று நீங்களே சொல்லுங்கள் என்று எம்.டி. சித்தார்த்தன் தை மாதமே கேட்டிருந்தார். பல மாதம் சோதித்துப் பார்த்ததில் கடைசியாக இரண்டு நின்றன. ஒன்று, கீழே இருக்கும் ஆட்களைத் தானே அடையாளம் கண்டு விலகிப் போகும் ஏஐ கேமரா. மற்றது, மின்சாரம் அறுந்துபோனால் தனி பேட்டரியில் தானாக விரியும் பாராசூட். கேமரா சோதனைக் கூடத்துக்குள் அற்புதமாக வேலை செய்தது. வெளியே உச்சி வெயிலில், தலையில் புல்லுக்கட்டோடு நடந்த பெண்ணைப் புதர் என்று சொன்னது. பானுமதி பாராசூட் என்று எழுதிக் கொடுத்தாள். “பார்க்கலாம்” என்றார் சித்தார்த்தன். முதலீட்டாளர்கள் வரட்டும் என்று முடிவைத் தள்ளிப்போட்டார். சோதனைப் பறத்தலை மட்டும் யாரும் தள்ளிப்போடவில்லை. போன வாரம் திருவெள்ளறைக்கு மேலே பேட்டரி இணைப்பு கழன்று, ட்ரோன் கல் மாதிரி விழுந்தது. கீழே கத்தரி வயலில் இருளாயி களையெடுத்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு இந்த கேமரா மட்டும் இருந்திருந்தா,” சித்தார்த்தன் சென்னையிலிருந்து முதலீட்டுக்காக வந்திருந்த விஜயராணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், “கீழ ஒரு அம்மா இருக்காங்கன்னு பாத்து அதுவே ஒதுங்கிப் போயிருக்கும்.”

பானுமதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அடிபட்டவளையே கொண்டுவந்து சாட்சி சொல்ல வைக்கிறார். அதுவும் பொய்ச் சாட்சி.

“எப்படி சார் ஒதுங்கும்? கரண்டே இல்லாமத்தான விழுந்துச்சு. மோட்டார் நின்னுபோச்சு. கேமரா இருந்தா அதுவும் சேந்துதான அணைஞ்சிருக்கும்?”

விஜயராணி கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். “நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆனா பாராசூட் எல்லாரும் வைக்கிறதுதானே? வேற யார்கிட்டயும் இல்லாததுலதான் நாங்க பணம் போட முடியும்.”

“எல்லாரும் வைக்கிறத நாம ஏங்க வைக்கல?”

சித்தார்த்தன் சிரித்தார். “பானுமதி கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அவங்கதான்.”

இத்தனை மாதச் சோதனையும் அந்த ஒரு சொல்லில் அடங்கிப்போனது. சாப்பாட்டு நேரத்துக்குள் கேமரா முடிவாகிவிட்டது.

வராந்தாவில் சித்தார்த்தன் குரலைத் தாழ்த்தினார். “வெள்ளிக்கிழமை அடுத்த டெஸ்ட். உங்க கையெழுத்து வேணும்.”

“பாராசூட் இல்லாம போட மாட்டேன் சார்.”

“அப்ப போடுறவங்கள உங்க சீட்ல உக்கார வைக்க வேண்டியிருக்கும்.”

“வைங்க.”

அவள் ஸ்கூட்டியை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டாள். இருளாயி அன்று வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். கட்டில் ஓரத்தில் துணிப்பையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“உங்க கம்பெனி ஆளு வந்தாரும்மா. போட்டோ புடிச்சாரு, பேப்பர்ல வரும்னாரு. இன்னைக்கு வந்து, அது பறக்குறப்ப வயலுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லியும் நான்தான் வந்துட்டேன்னு சொல்றாரு. எங்க வயக்காட்டுக்கு நான் வரக்கூடாதா? எவன் வந்து சொன்னான் எங்கிட்ட?”

பானுமதி எல்லாவற்றையும் சொன்னாள். கேமரா, பாராசூட், தான் எழுதிக் கொடுத்தது, காலையில் திரையில் வந்த படம். இருளாயி கடைசியில் கேட்டாள்.

“அந்த பாராசூட்டு இல்லாம உட்டா விழும்னு தெரிஞ்சேதான் பறக்க உட்டீங்களா?”

“ஆமாங்க.”

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். இருளாயி அவளை அறைந்துவிடுவாள் போலிருந்தது. அறைந்திருந்தால்கூடப் பானுமதி விலகியிருக்க மாட்டாள்.

“இப்ப எங்கிட்ட சொன்னத போலீஸ்லயும் சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“நாளைக்கு, நாளான்னைக்குன்னு சொல்லப்புடாது.” இருளாயி கட்டிலிலிருந்து இறங்கிக் காலால் செருப்பைத் தேடினாள். “ஆட்டோவ கூப்புடுங்க. இந்தக் கையோட உங்க வண்டில வர முடியாது.”

திருவெள்ளறைப் பக்கத்து மண்ணச்சநல்லூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு என்று ஆட்டோக்காரரிடம் சொன்னதும் அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பானுமதியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்ரீரங்கத்து நெரிசலைக் கடந்து கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது காற்று உள்ளே வந்து அறைந்தது. குலுங்கும் இடத்திலெல்லாம் இருளாயி பல்லைக் கடித்தாள். பானுமதி அந்த மாவுக்கட்டைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பாலத்துக்கு மேலே ஒரு பருந்து தாழப் பறந்தது. அதன் நிழல் ரோட்டில் வழுக்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கி வந்தது. இருளாயி சட்டென்று தலையைக் குனிந்து, நல்ல கையால் பானுமதியின் தலையையும் சேர்த்து அமுக்கினாள்.