அஃபீஃபா கொடுத்த கூலி

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிற வாப்பாமார் செய்கிற தப்பைத்தான் சஃபியுல்லாவும் செய்தான். துபாயிலிருந்து காரைக்காலுக்கு வரும்போதெல்லாம் மகள் அஃபீஃபாவுக்குப் பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவந்து கொட்டினான். பால்பல் முழுக்கச் சொத்தை விழுந்த பிறகுதான் புத்தி வந்தது. பெரிய பல்லாவது தப்பட்டும் என்று பார்த்தால், ராத்திரி பிரஷ்ஷைக் கண்டாலே அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தாள்.

"ராத்திரி பல்லு வெளக்குனா, ஒவ்வொரு தடவைக்கும் ரெண்டு ரூவா. உம்மாகிட்ட வாங்கிக்க" என்று போனில் பேரம் பேசினான். அன்றைக்கே வழிக்கு வந்துவிட்டாள்.

வெள்ளிதோறும் போனில் பேசுவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள்: "வாப்பா, நீங்க வெளக்குனா ஒங்களுக்கு யாரு காசு தருவா?"

"எனக்கு யாரும்மா தர்றது?"

"நான் தர்றேன். ஆனா வெளக்குற சத்தம் எனக்குக் கேக்கணும்."

சிரிக்க வாய் திறந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைவாயில் புகையிலை அடக்கியிருந்தான். அதற்கடியில் பல மாதமாக எரிகிற ஒரு வெள்ளைத் திட்டு. டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால் வேலை போகும், வீட்டில் உலை கொதிக்காது என்று யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தான்.

போன் கார்டில் காசு கரைந்துகொண்டிருக்க, புகையிலையைத் துப்பிவிட்டு பிரஷ்ஷோடு வந்து, ரிசீவரை வாயோரம் பிடித்துக்கொண்டு விளக்கினான். பற்பசை பட்டதும் மிளகாய் அரைத்துப் பூசியது போலக் காந்தியது. "இன்னும் வெளக்குங்க!" என்று அதட்டினாள் அந்தப் பொல்லாதவள். இனி வெள்ளிக்குவெள்ளி விடமாட்டாள்; இந்த எரிச்சலை ஒளித்துவைக்க முடியாது. மறுநாளே டாக்டரிடம் ஓடினான்.

சதையை வெட்டியெடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை, ஆனால் இப்படியே விட்டிருந்தால் அதில்தான் போய் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். சஃபியுல்லா அன்றோடு புகையிலையைத் தலைமுழுகினான்.

அடுத்த விடுமுறையில் வீட்டுக்குள் கால் வைத்ததுமே அஃபீஃபா தன் காசு டப்பாவோடு வந்து மறித்தாள். "வாயத் தொறங்க. பாத்துட்டுத்தான் தருவேன்."

குனிந்து, நன்றாகவே திறந்தான். அவள் எட்டியெட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுச் சில்லறையைக் கொட்டினாள். எந்த மாதச் சம்பளத்தையும் அவன் இப்படி இரண்டு கையேந்தி வாங்கியதில்லை. கண் நிறைந்துவிட்டது.

"சில்லறைக்குப் போயி ஏங்க அழுவுறீங்க?" என்றாள் மனைவி கைருன்னிஸா.

அத்தனை மாதம் மறைத்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னான். "அல்லாஹ் இந்தப் புள்ளைய விட்டுக் கேக்க வச்சான் கைரு. இல்லாட்டி நான் இப்படி வாயத் தொறந்து ஒங்கிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."