கிழமைக்கு இரண்டு தரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்பது ஒரேயொரு நோய்தான். அதன் பெயர் 'ஆக்கள் என்ன சொல்லுவினம்'. நீரிழிவு, இரத்த அழுத்தம், கசிப்புச் சாராயம், ஐஸ் போதை, எல்லைக் காணி வழக்கு ஆகிய அனைத்தும் அந்த ஒரு நோயின் கிளைகளே. இதை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தவர் சிவரூபன். அவரே அப்படிச் சொன்னார். இரண்டு நீதவான்களும் பதினான்கு சட்டத்தரணிகளும் கலந்துகொண்ட ஒருநாள் கருத்தரங்கில், ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். அடுத்த நிகழ்ச்சி மதிய உணவு என்பதால் எவரும் மறுக்கவில்லை.

சிவரூபனுக்கு நாற்பத்திரண்டு வயது. போதைப்பொருள் பாவித்துப் பிடிபட்டவர்களைச் சிறை மறியலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பும் நீதிமன்றத் திட்டமொன்றில் சிகிச்சைப் பிரிவின் தலைவர். அவருக்குக் கீழே நான்கு உளவளத்துணையாளர்கள், ஒரு தாதி, ஒரு சாரதி, வியாழக்கிழமைகளில் மட்டும் தென்படும் ஒரு மனநல வைத்தியர். யாரைத் திட்டத்தில் சேர்க்கலாம், யார் தேறுகிறார், யார் தேறியது போல நடிக்கிறார் என்றெல்லாம் நீதவானுக்கு எழுதிக் கையொப்பம் வைப்பவர் அவர்தான். பதினொரு மாதங்களில் அவருடைய பட்டியலிலிருந்து ஒருவர்கூட மறியலுக்குப் போகவில்லை. இதையும் அவரே சொல்வார்.

நிலையம் மருதனார்மடம் சந்தியில், பஸ் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே இருந்தது. வாசலில் எட்டடிப் பெயர்ப்பலகை. 'போதை நோய்ச் சிகிச்சை நிலையம்' என்ற எழுத்துகள் ஒரு முழ உயரம். சிவரூபனின் பெயரும் பட்டங்களும் அதைவிடக் கொஞ்சம் சிறியவை. "ஒளிக்கிறதுதான் நோய், அதுக்கு முதல் மருந்து போர்ட்" என்பது அவர் கொள்கை. நிலையத்தின் வாகனத்திலும் பெயர்ப்பலகையின் வாசகம் இரண்டு பக்கமும் எழுதப்பட்டிருந்தது. பின்னால் வருபவர்களும் அறிவு பெறட்டும் என்று பின்கதவிலும் எழுதப்பட்டிருந்தது. கூரையில் எழுதாமல் விட்டதற்குக் காரணம் ஒதுக்கிய நிதி முடிந்துபோனது மட்டுமே.

நோயாளிகள் இந்த மருந்தை விரும்பவில்லை. சிலர் ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்தவர்கள் போல அர்ச்சனைத் தட்டோடு வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நழுவினார்கள். சட்டத்தரணி ஒருவர் தன் சொந்தச் சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் கட்சிக்காரரைத் தேடி வந்ததாகச் சொல்லிக் கோப்பொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு தாய் மகனோடு ஒரு பூசணிக்காயையும் கொண்டுவருவார். யாரும் கேட்டால் சந்தைக்கு வந்தோம் என்று சொல்லலாம். நான்கு கிழமையாக அதே பூசணிக்காய்.

திங்கட்கிழமைக் கூட்டங்களில் சிவரூபன் எழுந்து நின்று இவர்களை நடித்துக் காட்டுவார். தண்ணீர்ப் போத்தலை இடுப்பில் வைத்துக்கொண்டு பூசணிக்காய்த் தாயாக நடப்பார். ஊழியர்கள் சிரிப்பார்கள். உளவளத்துணையாளர்களில் ஒருத்தியான ஜெசிதா முதல் இரண்டு கூட்டங்களிலும் சிரித்தாள். அவள் குருநகர்ப் பெண். சிரிப்பு வராவிட்டால் சிரிக்கும் பழக்கம் அவளிடம் இல்லை.

இந்த நிலையில்தான் வட்டுக்கோட்டையிலிருந்து லக்ஷன் வந்து சேர்ந்தான். வயது இருபத்திமூன்று, குளிர்சாதனப் பெட்டி திருத்துபவன். ஐஸ் பாவித்துப் பிடிபட்டிருந்தான். குளிர்சாதனப் பெட்டிக்காரன் ஐஸோடு பிடிபட்டதைப் பொலிஸ் நிலையத்தில் எல்லோரும் ஒரு கிழமை ரசித்தார்கள். நீதவான் ஆறு மாத மறியலை ஒத்திவைத்து, அந்த ஆறு மாதமும் கிழமைக்கு இரண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும், சிகிச்சைக்குப் போகும்படி கட்டளையிட்டார். அடுத்தடுத்து மூன்று தரம் வராவிட்டால் பிரிவுத் தலைவர் நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் ஆறு மாதமும் உள்ளே. விதியை எழுதியவரும் சிவரூபன்தான்.

லக்ஷனைச் சிவரூபன் தானே பொறுப்பெடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, கதவு மூடிய அறைக்குள் அவர் வேறு மனிதர். ஒலிவாங்கி இல்லாவிட்டால் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இரண்டாவது சந்திப்பில் லக்ஷன் சொன்னான்: "சேர், நேற்று நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டனான்."

"நல்லது. கனவு ஏதும் வந்ததோ?"

"ஓம். உங்கடை போர்ட்தான் வந்தது."

மூன்றாவது சந்திப்புக்கு அவன் வரவில்லை. நான்காவதுக்கு அவனுடைய தகப்பன் வந்தார்.

தம்பிஐயா முப்பத்திநான்கு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பின்பக்கத்தால் வந்து, பின்கதவு பூட்டியிருந்ததால் மதிலோரமாகச் சுற்றி, பஸ் ஒன்று வந்து நின்று சனத்தை மறைக்கும்வரை பார்த்திருந்து, உள்ளே நுழைந்திருந்தார். கதிரையில் இருக்கும்போது வேர்வையைத் துடைத்தார்.

"தம்பி, உங்களட்டை ஒரு உதவி கேட்டு வந்தனான்."

"சொல்லுங்கோ மாஸ்ரர்."

"இவனை மறியலிலை போடலாமோ?"

சிவரூபனின் பதினைந்து வருடச் சேவையில் இப்படி ஒரு விண்ணப்பம் வந்ததில்லை.

"ஆறு மாதம்தானே. அதைச் சமாளிக்கலாம்" என்று தம்பிஐயா விளக்கினார். "கட்டாருக்கு வேலைக்குப் போட்டான் எண்டு சொல்லுவன். கட்டாரிலை ஆறு மாதம் நிண்டிட்டுத் திரும்பி வந்த பெடியள் எத்தினை பேர் இருக்கினம். ஆனா உந்தப் போர்ட்டுக்குக் கீழை கிழமைக்கு ரெண்டு தரம் வந்து நிண்டால், அதுக்கு நான் என்ன சொல்லுறது? முன்னாலை பஸ் தரிப்பிடம். அதிலை நிக்கிற சனத்திலை அரைவாசிப்பேர் என்னட்டை அடி வாங்கினதுகள்."

"மாஸ்ரர், உங்கடை பெடியன் பாவிக்கத் தொடங்கி எட்டு மாதம். விடலாம். உள்ளை போனால் பத்து வருசமாப் பாவிக்கிறவனோடை ஒரே பாயிலை படுக்கவேணும். பிறகு வெளியிலை வாறது வேறை ஒரு பெடியன்."

"ஆனா உள்ளை இருக்கிறது ஆக்களுக்குத் தெரியாதெல்லே."

சிவரூபன் எழுந்து யன்னலைத் திறந்து, பெயர்ப்பலகையின் முதுகைக் காட்டினார். ஒளிப்பு என்ற நோயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அது கருத்தரங்கில் பேசியதன் சுருக்கம். தம்பிஐயா முழுவதையும் மரியாதையோடு கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. யன்னலைச் சாத்துங்கோ, பஸ்ஸுக்கு நிக்கிறவன் ஒருத்தன் எட்டிப் பாக்கிறான்" என்றார்.

அவர் போன பிறகு, வராதவர் பட்டியலில் லக்ஷனின் பெயருக்கு எதிரே இரண்டாவது கோடு விழுந்தது. அடுத்த செவ்வாயும் வராவிட்டால் மூன்றாவது விழும். மறுநாள் புதன்கிழமை நீதிமன்றத்தில் தவணை.

"சேர், நாங்கள் லக்ஷன் வீட்டை போவம்" என்றாள் ஜெசிதா. "திட்ட வழிகாட்டியிலை வீட்டுச் சந்திப்புக்கு இடமிருக்கு. நீங்கள்தானே எழுதினியள்."

"போவம். வாகனத்திலை போவம்."

"அந்த வாகனத்தைக் கண்டால் மாஸ்ரர் படலையைப் பூட்டிப்போட்டுக் கிணத்துக்குள்ளை இறங்கியிருப்பார்."

"இருக்கட்டும். நான் என்ன களவெடுக்கவோ போறன், ஒளிச்சு மறைச்சுப் போக? உதுகளுக்கு நாங்கள் இடம் குடுத்தால் பூசணிக்காய் வியாபாரம்தான் நடக்கும்."

"போர்ட்டிலை இருக்கிறது உங்கடை பேர் சேர். சனம் வாசிக்கிறது அவன்ரை பேரை."

சிவரூபன் யோசித்தார். "நல்ல வசனம். அடுத்த கருத்தரங்கிலை பாவிக்கலாம்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு லக்ஷன் வரவேண்டும். ஒன்பதே முக்காலுக்கு ஜெசிதா நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சிவரூபன் பேனையை எடுத்தபோது தொலைபேசி அடித்தது.

"சேர், லக்ஷன் கதைக்கிறன். அப்பா என்ரை சேட், காற்சட்டை எல்லாத்தையும் சவர்க்காரத் தண்ணியிலை ஊறப் போட்டிட்டார்."

"சாரத்தோடை வாவன்."

"அதுவும் உள்ளைதான் கிடக்குது. அவற்றை வேட்டி ஒண்டு மட்டும்தான் மிச்சம். வட்டுக்கோட்டை முழுக்கப் பாக்க வேட்டியோடை பஸ் ஏறமாட்டன் எண்டு அவருக்குத் தெரியும். நாளைக்கு உள்ளையோ சேர்?"

"கை நடுங்குதோ?"

"நேற்றிலையிருந்து."

"நித்திரை?"

"இல்லை."

"பாவிச்சியோ?"

"இன்னும் இல்லை."

சிவரூபன் பேனையை மூடினார். பாவித்தவர்களை அவருக்குத் தெரியும், பாவிக்காதவர்களையும் தெரியும். 'இன்னும்' என்பவர்களுக்கு அதிக நேரம் இல்லை.

வாகனத்தில்தான் போனார். வழிநெடுக, படலையில் சொல்லவேண்டியதை உதடு அசையச் சொல்லிப் பார்த்தார்: நான் சிகிச்சைப் பிரிவுத் தலைவர், உங்கள் மகன் ஒரு நோயாளி, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அயலுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டைச் சந்தியைத் தாண்டி, தோட்டங்களுக்கு நடுவே ஒழுங்கை தொடங்கும் இடத்தில் வாகனத்தை நிறுத்தச் சொன்னார்.

"எஞ்சின் சூடாப் போச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

"சூடு இல்லையே சேர்" என்றார் சாரதி.

"ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கி நடந்தார்.

தம்பிஐயாவின் முற்றத்தில் பதினொரு சேட்டுகள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு லக்ஷன் நின்றான்.  தம்பிஐயா படலைக்கு ஓடிவந்தார். திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

அப்போதுதான் பக்கத்து மதிலுக்கு மேலே ஒரு தலை எழுந்தது. அடுத்த வீட்டுக் கேதீஸ்வரி. மதிலுக்கு மறுபக்கத்தில் ஒரு கல் இருந்தது. அதன் தேவை அவருக்கு நாளுக்கு நாலைந்து தரம் ஏற்படும்.

"மாஸ்ரர், ஆர் உவர்? புது ஆளாக் கிடக்கு."

தம்பிஐயாவின் வாய் திறந்தது. முப்பத்திநான்கு வருடம் கரும்பலகைக்கு முன்னால் தடுமாறாத வாய் அது. அவர் திரும்பிக் கொடியில் தொங்கிய சேட்டுகளைப் பார்த்தார்.

சிவரூபன் தொண்டையைச் செருமினார். ஒத்திகை பார்த்த வசனம் தயாராக இருந்தது. அயலும் தயாராக இருந்தது. அவர் லக்ஷனைப் பார்த்தார். லக்ஷன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், ஊசி போடும்போது பிள்ளைகள் மூடுவது போல.

"தம்பியும் வேட்டியோடை நிக்கிறார்," கேதீஸ்வரியின் குரல் உயர்ந்தது. "கலியாணப் பேச்சோ?"

"ஓம்" என்றார் சிவரூபன்.

ஒரு சேட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அதுதானே பாத்தன்! சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைத் துப்புரவாக்கிறியள், உடுப்புத் தோய்க்கிறியள். எந்தப் பக்கம் பொம்பிளை?"

"இன்னும் முடிவாகேல்லை அக்கா. இப்பதான் தொடங்கியிருக்கிறம்."

"அப்ப நெடுக வருவியளோ?"

"கிழமைக்கு ரெண்டு தரம். ஆறு மாதம் மட்டும் வருவன்."

"ஆறு மாதமோ?"

"பொருத்தம் பாக்கிறது லேசான வேலையோ அக்கா."

கேதீஸ்வரிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தன்னுடைய காலத்தில் இரண்டு கிழமையில் முடித்துத் தன்னைத் தள்ளிவிட்டதாகவும், அதன் பலனை இன்றும் அனுபவிப்பதாகவும் சொன்னார். உள்ளேயிருந்து அவருடைய கணவர் இருமினார். "பெடியன் எப்பிடி, நல்ல பழக்கவழக்கமோ? நாங்கள் பக்கத்திலை இருந்தாலும் உங்களுக்குத்தானே விசாரிச்சுத் தெரியும்."

சிவரூபன் ஒரு கணம் தாமதித்தார். நீதவானுக்கு அறிக்கை எழுதும்போதும் அவர் இந்த இடத்தில் தாமதிப்பதுண்டு.

"நல்ல பெடியன்" என்றார். "இப்ப கொஞ்சம் கஷ்டப்படுறான். வந்திடுவான்."

தம்பிஐயா படலையை அகலத் திறந்தார்.

லக்ஷனின் தாய் மகாதேவி தேத்தண்ணியோடு பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து, மதிலிலிருந்து தெரியும் பக்கமாக வைத்தார். கலியாணத் தரகருக்குப் பணியாரம் வைக்காவிட்டால் கேதீஸ்வரி நம்பமாட்டார். அவர் கல்லிலிருந்து இறங்கும் சத்தம் கேட்ட பிறகு, சிவரூபனும் லக்ஷனும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். மிகத் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள்.

"சேர், பொம்பிளை என்ன செய்யிறா?"

"நித்திரை கொள்ளுறா. நீயும் இண்டைக்குக் கொள்ளவேணும். அதுக்கு என்ன செய்யலாம் எண்டு பாப்பம்."

லக்ஷன் சிரித்தான். சிரிப்பு நீண்டு, பாதியில் வேறொன்றாக மாறியது. சிவரூபன் காத்திருந்தார். பிறகு எந்த நேரத்தில் ஆசை வருகிறது, யார் அழைக்கிறார்கள், கையில் நடுக்கம் எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றரை மணித்தியாலம் சென்றது. வெளியே தம்பிஐயா கொடியிலிருந்த சேட்டுகளைப் பிழிந்து, வெயில் படும் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை நீதவானிடம் போன அறிக்கையில் 'வீட்டுச் சந்திப்பு, முழுமையாகப் பங்குபற்றினார்' என்று இருந்தது. படலையில் நடந்த உரையாடல் அதில் இல்லை. படிவத்தில் அதற்கான இடமும் இல்லை. நீதவான் வாசித்து, தலையசைத்து, அடுத்த தவணையை மூன்று மாதம் தள்ளிப் போட்டார். லக்ஷன் சேட்டும் காற்சட்டையுமாக வெளியே வந்தான். சேட் இன்னும் முழுதாகக் காய்ந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நிலையத்தின் வாகனம் வாசலிலேயே நின்றது. எஞ்சினில் ஏதும் பிழையோ என்று ஜெசிதா கேட்டபோது சாரதி முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். சிவரூபன் எதிரே போய்ச் சனத்தோடு சனமாக பஸ் ஏறினார். யன்னலோரம் இடம் கிடைத்தது. வட்டுக்கோட்டைக்கு இரண்டு தரிப்பிடம் இருக்கும்போது, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, பெயர் உட்பக்கமாக இருக்கும்படி சட்டைப் பைக்குள் வைத்தார்.